வளரிளம் பருவ மனநல உதவி (விராலிமலை)

புதுக்கோட்டை மாவட்டத்தில், திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் உள்ள விராலிமலையில் மனம் குலைந்த வளரிளம் பருவத்தினருக்கும் இளைஞருக்கும் கிடைக்கும் சிகிச்சை வழிகள். அரசின் மாவட்ட மனநலத் திட்டமே அடிப்படை. உள்நோயாளிச் சிகிச்சைக்கு 2017இல் திறக்கப்பட்ட புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரியையோ, திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையையோ நாடலாம். தொலைபேசி ஆலோசனைக்கு 14416 என்ற எண் 2022 முதல் இயங்குகிறது. சிறார் உதவிக்கு 1098.

பிள்ளையை எங்காவது ‘சேர்த்துவிட’ நினைக்கும் பெற்றோர் முதலில் அறிய வேண்டியது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரை அனுமதிப்பது விதிவிலக்கு. வீட்டிலிருந்தபடி செய்யும் சிகிச்சை பலிக்காதபோதோ ஒத்துவராதபோதோதான் அது பொருந்தும். வல்லுநர் இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும். பெரியவர்களோடு ஒரே இடத்தில் தங்கவைக்கக் கூடாது. பெற்றோரோ துணையாளரோ முழுநேரமும் உடனிருக்க வேண்டும். முப்பது நாளைக் கடந்தால் மனநல மறுஆய்வு வாரியம் தலையிடும். ஆக, பிள்ளையை விட்டுவிட்டுக் கிளம்பச் சொல்லும் விடுதி எதுவாயினும் சந்தேகத்துக்குரியது.

பதினெட்டு நிறைந்தவர் தாமே முடிவெடுக்கலாம். வீட்டார் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

சட்டப்படி பதிவுபெறாத மனநல மையங்களின் ஆபத்தை ஏர்வாடி காட்டியது: 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கு ஒரு தனியார் காப்பகத்தில் பற்றிய தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப வழியின்றி இறந்தனர். சங்கிலியிடுவதை 2017 சட்டம் முற்றாகத் தடைசெய்கிறது. மையத்தில் சேர்க்குமுன் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பது குடும்பத்தின் உரிமை.