பச்சை முகங்கள்: டியூப் லைட்டும் நம் பழைய படங்களும்



போன வாரம் பதினோராம் தரப் பிள்ளைகளிடம், வீட்டில் இருக்கும் மிகப் பழைய படம் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னோம். ஒரு மாணவி கொண்டுவந்த கலர் படத்தைப் பார்த்து வகுப்பே சிரித்தது. அவளுடைய உம்மும்மா, மூத்தாப்பா, மூன்று சிறுபிள்ளைகள். எல்லோர் முகமும் பாசி படிந்தது போலப் பச்சை. பின்பக்கத்தில் "1991" என்று மட்டும் எழுதியிருந்தது. அவள் வெட்கப்பட்டுப் படத்தைக் கொப்பிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அந்தப் பச்சைக்கு ஒரு வரலாறு உண்டு. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் படம் எடுக்கச் சூரிய வெளிச்சம்தான் கதி. ஸ்டூடியோக்களுக்குக் கண்ணாடிக் கூரை போட்டு, திரைச்சீலையால் வெயிலைக் கூட்டிக் குறைத்தார்கள். 1887இல் ஜெர்மனியில் மக்னீசியம் கலந்த வெடித்தூள் வந்தது. ஒரு மின்னல், ஒரு புகை, ஒரு படம். நம் நாட்டில் பிளாட்டே நிறுவனம் கொழும்பில் 1890இல் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். பிறகு மின்குமிழ்கள் வந்தன. வெளிச்சத்தைவிட அவற்றின் சூடு அதிகம். உப்புக் காற்றும் புழுக்கமும் உள்ள நம் கரையில், சின்ன அறைக்குள் அந்தக் குமிழ்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர் வியர்வை துடைத்துத்தான் முகம் காட்ட வேண்டும்.

1938இல் அமெரிக்காவில் டியூப் லைட் விற்பனைக்கு வந்தது. சூடு குறைவு, கரண்ட் செலவு குறைவு. நீளமான விளக்கு என்பதால் நிழலும் மென்மையாக விழும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அது போதும், ஏனென்றால் அங்கே வெளிச்சத்தின் அளவுதான் கணக்கு. கலர் பிலிம் வந்தபோதுதான் சிக்கல் வெளியே தெரிந்தது.

சூரிய ஒளியில் எல்லா நிறங்களும் இடைவெளியின்றித் தொடர்ந்து இருக்கின்றன. டியூப் லைட்டில் அப்படியில்லை. உள்ளே இருக்கும் பாதரச ஆவி, 546 நனோமீற்றர் அளவில் பச்சை ஒளியைத் தூக்கலாக வீசுகிறது. சிவப்பு போதாது. நம் கண் இதைச் சமாளித்து வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். பிலிமுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை, விழுந்ததை விழுந்தபடி பதியும். கடையில் வாங்கும் டியூப்பில் "டேலைட்" என்று எழுதியிருக்கும். அது பார்வைக்கான பகல் வெளிச்சம், கமராவுக்கானது அல்ல.

கமராவுக்கேற்ற டியூப் வேறு. சுமார் 5500 கெல்வின் நிற வெப்பநிலையும், நிறங்களைச் சரியாகக் காட்டும் பூச்சும் அதற்கு வேண்டும். 1987இல் "பார்ஃப்ளை" என்ற படத்தை ஒளிப்பதிவாளர் ரொபி முல்லர் எடுத்தபோது, குறுகலான அறைகளுக்குள் பெரிய விளக்குகளை வைக்க முடியவில்லை. அவருடைய விளக்குக் குழுவினர் சோக்கைத் தனியே பிரித்து, பாரம் குறைந்த டியூப் விளக்குகளை அமைத்தார்கள். "கினோ ஃப்ளோ" விளக்குகள் பிறந்தது அதிலிருந்துதான். இன்னொரு தொல்லையும் அவற்றில் தீர்ந்தது. நம் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், ஆகவே சாதாரண டியூப் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். அதிவேக மின்னணுச் சோக்கில் அந்த மினுக்கம் கமராவுக்குத் தெரியாது.

இப்போது 1991க்கு வருவோம்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல்வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். உடுத்த உடையோடு வந்தவர்களின் கையில் அல்பம் எங்கே இருக்கும்? கலியாணப் படமும் பெருநாள் படமும் வீட்டோடு போயின.

அந்த மாணவியின் குடும்பமும் அப்படி வந்ததுதான். வெறுங்கையோடு வந்த ஒரு மனிதர், அடுத்த வருடமே கையில் கிடைத்த காசில் பெண்சாதி பிள்ளைகளை அழைத்துப்போய், டியூப் லைட்டுக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார். "நாங்கள் இருக்கிறோம்" என்பதற்கு அந்தக் குடும்பத்திடம் இருந்த முதல் சாட்சி அது. நடுவில் நிற்கும் சிறுமிதான் இன்று அவளுடைய உம்மா.

மறுநாள் இதை வகுப்பில் சொன்னோம். படம் மறுபடி வெளியே வந்தது. யாரும் சிரிக்கவில்லை. "சேர், இந்தப் பச்சையை எடுக்கலாமா?" என்று கேட்டாள். எடுக்கலாம், பிரதியில் திருத்துங்கள், மூலப்படத்தை அப்படியே வையுங்கள் என்றோம்.

உங்களிடமும் கேட்கிறோம். நிறம் கெட்டது என்று பழைய படங்களை வீசாதீர்கள். போனில் பிரதி எடுக்கும்போது டியூப் லைட்டை அணைத்துவிட்டு, வெயில் நேராக விழாத ஜன்னலோரம் வைத்து எடுங்கள். பின்பக்கம் பென்சிலால் மெதுவாகப் பெயர், ஊர், வருடம் எழுதுங்கள். பெயர் சொல்லக்கூடிய மூத்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

டியூப் லைட்டின் காலமும் முடிகிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின்படி 2027க்குள் அதன் உற்பத்தியும் ஏற்றுமதி இறக்குமதியும் நிறுத்தப்பட வேண்டும். பழுதான டியூப்பைக் களப்போரம் போட்டு உடைக்காதீர்கள், அந்தப் பாதரசம் மீன் வழியாக நம் சட்டிக்கே திரும்பி வரும்.

விளக்கு போகட்டும். அது காட்டிய முகங்களை நாம் வைத்திருப்போம்.