எம்.எல்.டி இன்டர்ன்ஷிப்: ஒரு வருஷம் ரத்தம் மட்டும் எடுத்தால் போதுமா?

ஹெல்த் செக்கப்புக்குப் போய் கையை நீட்டுகிறீர்கள். ஊசியோடு நிற்பவர் இன்டர்ன்ஷிப்பில் இருக்கும் மாணவராகவும் இருக்கலாம். மாலையில் போனுக்கு ரிப்போர்ட் வந்துவிடும். அந்த எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது, அந்த மாணவர் அந்த வருஷத்தில் என்ன கற்றார் என்பதையும் பொறுத்தது.

நீங்களோ உங்கள் தம்பி தங்கையோ இந்தப் படிப்பில் இருந்தால், தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

இது எந்தப் படிப்பின் பகுதி?

பி.எஸ்சி மெடிக்கல் லேப் டெக்னாலஜியில் பொதுவாக மூன்று வருஷம் வகுப்பு, பிறகு ஒரு வருஷம் மருத்துவமனை இன்டர்ன்ஷிப். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் இதே முறைதான்.

2021-ல் வந்த தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில் வல்லுநர்கள் ஆணையச் சட்டம், 10 தொழில் பிரிவுகளைப் பட்டியலிடுகிறது. அதில் முதலாவதே மருத்துவ ஆய்வகப் பிரிவுதான். டிப்ளமோ அளவிலான படிப்புக்கே குறைந்தது 2,000 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

தவறு எங்கே நடக்கிறது?

'எல்லாம் மெஷின்தானே பண்ணுது' என்று தோன்றலாம். தரவு வேறு சொல்கிறது. இத்தாலியின் படுவா நகரில் ஒரு மருத்துவமனையின் அவசர ஆய்வகத்தில் நடந்த ஆய்வு 2007-ல் வெளியானது. 51,746 பரிசோதனைகளில் 160 பிழைகள் உறுதியாயின. அவற்றில் 61.9% மாதிரி மெஷினுக்குப் போகும் முன்பே நடந்தவை. பரிசோதனையின்போது நடந்தவை 15%. மீதி 23.1% அதற்குப் பிறகு நடந்தவை.

ஓர் உதாரணம். ஊதா மூடி டியூபில் இருக்கும் ஈ.டி.டி.ஏ ஒரு பொட்டாசியம் உப்பு. அதில் எடுத்த ரத்தத்தில் கொஞ்சம் சீரம் டியூபுக்குள் போய்விட்டால், பொட்டாசியம் அதிகமாகவும் கால்சியம் குறைவாகவும் காட்டும். நோயாளிக்கு ஒன்றும் இருக்காது, ஆனால் ரிப்போர்ட் மருத்துவரைப் பதற வைக்கும். எந்த டியூப் முதலில், எது கடைசியில் என்ற வரிசை இதற்காகத்தான்.

ஆக, ரத்தம் எடுப்பது சின்ன வேலை இல்லை. ஆனால் 12 மாதமும் அதை மட்டுமே செய்தால், அது பயிற்சியும் இல்லை.

எங்கெல்லாம் சுற்றி வர வேண்டும்?

மாதிரி சேகரிப்பு, ஹெமட்டாலஜி, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, ஹிஸ்டோபேத்தாலஜி, ரத்த வங்கி: இவை எல்லாவற்றிலும் உங்களுக்கு நாட்கள் ஒதுக்கப்பட வேண்டும்.

எந்தப் பிரிவில் இருந்தாலும் இரண்டு விஷயங்களைக் கற்காமல் வெளியே வராதீர்கள். ஒன்று, கன்ட்ரோல். அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு மாதிரியை ஓட்டிப் பார்ப்பது. அது வரம்பைத் தாண்டினால், காரணம் தெரியும் வரை நோயாளியின் ரிப்போர்ட் போகக் கூடாது. இரண்டு, ஆபத்தான அளவு வந்தால் உடனே வார்டுக்குப் போன் செய்து, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று எழுதி வைப்பது.

உங்கள் பாதுகாப்பு?

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ்: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். அதனால் இன்டர்ன்ஷிப் தொடங்கிய பிறகு யோசித்தால் லேட். படிக்கும்போதே போட்டுவிடுங்கள்.

ஊசி குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். அழுத்திப் பிதுக்க வேண்டாம். உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள். எச்.ஐ.வி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதை 28 நாள் சாப்பிட வேண்டும்.

சேரும் முன் என்ன கேட்க வேண்டும்?

• எந்தப் பிரிவில் எத்தனை வாரம்? அட்டவணை எழுத்தில் கிடைக்குமா?
• என் வேலையைப் பார்த்து லாக்புக்கில் கையெழுத்துப் போடுபவர் யார்?
• நைட் ஷிஃப்டில் என்னைத் தனியாக விடுவார்களா?
• ஸ்டைபண்ட் உண்டா? இல்லை, நான்தான் பயிற்சிக் கட்டணம் கட்டணுமா?
• ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல் அங்கீகாரம் இருக்கிறதா?

ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க இன்டர்ன்களை வைத்து ஓட்டும் இடத்தில், இரண்டாவது கேள்விக்கே பதில் தடுமாறும். அதைக் கவனியுங்கள். ஏனென்றால் சான்றிதழில் 'ஓராண்டு' என்றுதான் இருக்கும். என்ன கற்றீர்கள் என்பது முதல் வேலையின் முதல் நைட் ஷிஃப்டில், கன்ட்ரோல் தப்பாக வரும்போதுதான் தெரியும்.