வாங்குவதற்கு முன் ஆறு விதிகள்: அக்ஷன் பிகர்களின் வரலாறு எங்களுக்குச் சொன்னது

பழைய அக்ஷன் பிகர்கள் சேகரிக்கிற ஆக்கள் எங்கட வட்டத்தில் நாலைந்து பேர் இருக்கிறோம். பென் 10, பவர் ரேஞ்சர்ஸ், ட்ரான்ஸ்போமர்ஸ் என்று சின்னனில் ரீவியில் பார்த்த உருவங்கள்தான் பெரும்பாலும். கையில் இருப்பதோ மாணவர்களின் காசு. 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், அந்த மே மாதமளவில் 360 ரூபாவைத் தாண்டியது. அதுக்குப் பிறகு "சும்மா ஒண்டு வாங்குவம்" என்ற கதைக்கே இடமில்லை. விதிகள் வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

மாசத்துக்கு இவ்வளவு ரூபா, அலுமாரியில் ஒரு தட்டுக்கு மேல் இல்லை. இப்படியான விதிகளை யாரும் போடலாம். ஆனால் இவை காசையும் இடத்தையும் மட்டுமே கணக்குப் பார்க்கின்றன. வாங்கவேணும் என்ற ஆசை எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை. அதனால் நாங்கள் இந்தப் பொருட்களின் வரலாற்றைத் தேடி வாசித்தோம். பொம்மைக்கு இருப்பதுபோல அந்த ஆசைக்கும் ஒரு உற்பத்தித் திகதி இருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

விதி 1: ஒரு உருவம் தனியே போதுமானதாக இருக்கவேண்டும்

1959இல் மட்டெல் கம்பனி பார்பியை அறிமுகப்படுத்தியது. பொம்மையை ஒருதரம் விற்றால் போதும், அதற்கான உடுப்புகளை வருஷக்கணக்காக விற்கலாம் என்பதுதான் வியாபாரம். 1964இல் ஹஸ்ப்ரோ அதே யோசனையைப் பொடியன்களுக்காகத் திருப்பிப் போட்டது. ஜி.ஐ. ஜோ என்ற படைவீரன், கிட்டத்தட்ட 12 அங்குல உயரம், உடம்பில் அசையக்கூடிய 21 இடங்கள். சீருடை, துவக்கு, ஜீப் எல்லாம் வேறாக வாங்கவேண்டும். சிக்கல் ஒன்றுதான்: பெட்டியில் 'பொம்மை' என்று போட்டால் எந்தத் தகப்பனும் மகனுக்கு வாங்கித்தரமாட்டார். அதனால் 'அக்ஷன் பிகர்' என்ற புதுச் சொல்லைக் கொண்டுவந்தார்கள். பொருள் அதேதான், ஆண்மைக்குப் பங்கம் வராதபடி பெயரை மட்டும் மாற்றினார்கள்.

இந்தச் சொல் விளையாட்டு நீதிமன்றம் வரை போனது. அன்றைய அமெரிக்கச் சுங்க விதிகளில் மனித உருவப் பொம்மைக்கு 12 சதவீத வரி இருந்தது, மனிதரல்லாத உருவங்களுக்கு 6.8 சதவீதம். எக்ஸ்-மென் உருவங்களை இறக்குமதி செய்த டோய் பிஸ் கம்பனி, இவை மனிதர்கள் அல்ல என்று வாதாடி, 2003இல் அமெரிக்கச் சர்வதேச வர்த்தக நீதிமன்றத்தில் வென்றது. 'நாங்களும் மனிதர்தான்' என்று போராடுபவர்களின் கதைதான் எக்ஸ்-மென். அந்தக் கதையை விற்றுப் பிழைத்த கம்பனியே வரிக்காக அதை மறுத்தது!

விதி எளிது. துணைப்பொருள் இல்லாவிட்டால் 'குறை' என்று தோன்றும் உருவத்தை வாங்குவதில்லை. அந்தக் குறை, விற்பதற்காகவே விடப்பட்ட குறை.

விதி 2: இன்னும் செய்யப்படாத பொருளுக்குக் காசு கட்டுவதில்லை

1977 மே மாதம் ஸ்டார் வோர்ஸ் திரைக்கு வந்தது. அதன் பொம்மை உரிமையை அன்றைய பெரிய கம்பனியான மேகோ வேண்டாம் என்று விட, கெனர் எடுத்தது. படம் இப்படி ஓடும் என்று கெனரும் எதிர்பார்க்கவில்லை. நத்தாருக்கு முன் உருவங்களைச் செய்து முடிக்க வழியில்லை. என்ன செய்தார்கள்? பொம்மையே இல்லாத பெட்டியை விற்றார்கள். உள்ளே ஒரு மட்டை, சில ஸ்டிக்கர்கள், ஒரு சான்றிதழ். சான்றிதழைத் தபாலில் அனுப்பினால் 1978இல் லூக், லேயா, சுபாக்கா, ஆர்2-டி2 என்ற நான்கு உருவங்கள் வீடு தேடி வரும்.

ஒரு தலைமுறைச் சிறுவர்கள் நத்தார் காலையில் திறந்தது, பொம்மை பிறகு வரும் என்ற வாக்குறுதியை மட்டும்தான். சொன்னபடி அது வந்தது என்பதும் உண்மை. ஆனால் காத்திருப்பையே சரக்காக விற்கலாம் என்று அன்று வியாபாரிகள் கற்றுக்கொண்டார்கள். 2018இல் ஹஸ்ப்ரோ, ஜப்பாவின் பாய்க்கப்பலை ஆளுக்கு 500 டொலர் முன்பதிவில் விற்றது. குறைந்தது 5000 பேர் சேர்ந்தால்தான் செய்வோம் என்பது நிபந்தனை. பொருளைச் செய்வதற்கு முன்பே அதன் விற்பனையை உறுதிசெய்துகொண்டார்கள்.

முன்பதிவுப் பக்கத்தில் ஓடுகிற அந்த எண்ணிக்கை எங்களை அவசரப்படுத்தத்தான் இருக்கிறது. பொருள் கையில் கிடைக்கிற நிலைக்கு வந்த பிறகும் ஆசை மிஞ்சினால், அப்போது யோசிக்கலாம்.

விதி 3: 'முழு செட்' எங்கள் இலக்கு அல்ல

எங்களில் பலர் சறுக்கக்கூடிய இடம் இதுதான். பதினொன்று இருந்தால் பன்னிரண்டாவது இல்லாத வெற்றிடம் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அந்தக் கண் இயற்கையானது அல்ல, பழக்கப்பட்டது.

அமெரிக்காவில் 1969இலேயே ஹொட் வீல்ஸ் காட்டூன் ஒன்று 'முழு நீள விளம்பரம்' என்ற முறைப்பாட்டுக்கு உள்ளானது. பொம்மையை விற்பதற்காக நிகழ்ச்சி செய்வது அப்போது கண்டிக்கப்பட்டது. றேகன் ஆட்சியில் தொடர்பாடல் ஆணைக்குழுவின் தலைவராக வந்த மார்க் பவுலர், சந்தை பார்த்துக்கொள்ளும் என்ற கொள்கையுடையவர். 1984இல் சிறுவர் தொலைக்காட்சி மீதான கட்டுப்பாடுகள் தளர்ந்தன. ஹீ-மேன் பொம்மை 1982இல் வந்தது, அதன் காட்டூன் 1983இல்தான் வந்தது. கதையிலிருந்து பொம்மை என்ற ஒழுங்கு தலைகீழானது. ஹீ-மேனின் வில்லனும் தோழனும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த உடம்புகள், நிறமும் தலையும்தான் வேறு. அவன் ஏறிப்போகும் பச்சைப் புலியும் மட்டெலின் பழைய 'பிக் ஜிம்' வரிசைப் புலியின் அச்சில் வந்ததுதான்.

1984இல் வந்த ட்ரான்ஸ்போமர்ஸும் இதே வழிதான். ஜப்பானில் டகாரா கம்பனி விற்ற டயக்ளோன், மைக்ரோமேன் வரிசைகளின் இயந்திரங்களை ஹஸ்ப்ரோ வாங்கி, மார்வெல் எழுத்தாளர்களைக் கொண்டு பெயரும் குணமும் கதையும் பூசியது. 1986 திரைப்படத்தில் ஒப்டிமஸ் பிரைம் செத்துப்போகிறார். பழைய வரிசையை அகற்றிப் புது வரிசைக்கு இடம்விடவேண்டும் என்பதே காரணம். கொட்டகைகளில் பிள்ளைகள் அழுதார்கள். எதிர்ப்பு பெருகி, 1987இல் தொடரில் அவரை உயிர்ப்பித்தார்கள்.

இந்தக் கதையில் எங்களுக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கம்பனி அந்த உருவத்தைச் சரக்காகத்தான் பார்த்தது, அழுத பிள்ளைகளோ நண்பனாகப் பார்த்தார்கள். சேகரிப்பில் மிஞ்சவேண்டியது அந்த உறவு. 'எல்லாவற்றையும் சேர்' என்பது விளம்பரத்தின் குரல். ஆகவே ஒவ்வொரு உருவத்துக்கும் ஏன் என்று ஒரு வசனம் எழுதவேண்டும். "செட்டில இது மட்டும்தான் இல்லை" என்பது காரணமாக ஏற்கப்படாது.

விதி 4: வாங்கினால் திறப்போம்

1979இல் கெனர், முதுகிலிருந்து ரொக்கெட் பாயும் போபா பெட் உருவத்தைத் தபால் சலுகையாக விளம்பரப்படுத்தியது. வேறொரு கம்பனியின் விளையாட்டுச் சாமானிலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு பிள்ளை இறந்திருந்ததால், ரொக்கெட் பாயாதபடி ஒட்டித்தான் அனுப்பினார்கள். எஞ்சிய மாதிரிகளில் ஒன்று 2024இல் ஏலத்தில் 525,000 டொலருக்குப் போனது.

இப்படியான செய்திகள்தான் "இது முதலீடு" என்ற பேச்சைக் கிளப்புகின்றன. ஆனால் 1999ஐப் பாருங்கள். ஸ்டார் வோர்ஸ் புதுப் படத்தின் பொம்மைகளுக்காக மே 3 நள்ளிரவில் அமெரிக்கக் கடைகள் திறந்தன. வரிசையில் நின்ற பலர், வருங்காலத்தில் விற்கலாம் என்று பெட்டி உடைக்காமல் அடுக்கிவைத்தார்கள். எல்லாரும் பத்திரப்படுத்தியதால் எதுவும் அரிதாகவில்லை, விலையும் ஏறவில்லை. 1978இன் உருவங்களுக்கு விலை வந்ததே பிள்ளைகள் அவற்றை மண்ணில் புதைத்து, கை உடைத்து, தொலைத்து விளையாடியதால்தான். மற்றவர்கள் தொலைத்ததால்தான் மிஞ்சியது அரிதானது.

விதி 5: திருப்பிப் பார், பாவித்ததை முதலில் தேடு

உருவத்தின் காலடியிலோ முதுகிலோ சின்ன எழுத்தில் ஒரு நாட்டின் பெயர் இருக்கும். ஹொங்கொங், தாய்வான், பிறகு சீனா. கூலி குறைந்த இடத்தைத் தேடி அச்சுகள் நகர்ந்த பாதை அது. 1993 மே 10, தாய்லாந்தின் நக்கோன் பத்தோம் மாகாணத்தில் கேடர் பொம்மைத் தொழிற்சாலை தீப்பற்றி இடிந்தது. 188 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் இளம் பெண்கள். வெளியேறும் கதவுகள் சில பூட்டியிருந்தன. கட்டடத்தின் இரும்புத் தூண்களுக்குத் தீத்தாங்கும் பூச்சு இல்லை. அங்கே செய்தவை அமெரிக்காவின் பெரிய கம்பனிகளுக்கான பொம்மைகள். 'எங்கட பொற்காலம்' என்று ஆட்கள் உருகுகிற தொண்ணூறுகளின் இன்னொரு முகம் இது.

பாவித்த பொருளை வாங்கினால் அந்தத் தொழிலாளிக்கு நீதி கிடைத்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. புதுப் பிளாஸ்டிக்குக்கு எங்கள் பங்கில் இன்னொரு கட்டளை போகாது, அவ்வளவுதான். ஆனால் யார் செய்தது என்று கேட்காத சேகரிப்பு, வரலாறு தெரியாத சேகரிப்பு.

விதி 6: இது யாருடைய ஞாபகம்?

நொஸ்டால்ஜியா என்ற சொல்லை 1688இல் யோஹன்னஸ் ஹோபர் என்ற மருத்துவ மாணவர் பாசல் நகரில் தன் ஆய்வேட்டில் உருவாக்கினார். வீடு திரும்பல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. ஊரைவிட்டுத் தூரத்தில் இருந்த சுவிஸ்காரரின் நோய்க்கு வைத்த பெயர். எங்களுக்கு இது புத்தகத்துச் சொல் அல்ல. 2009இல் ஐந்தாறு வயதாக இருந்தவர்களில், இடம்பெயரும்போது பையில் விளையாட்டுச் சாமானுக்கு இடம் கிடைக்காதவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். தொலைந்ததை டொலர் கொடுத்து மீட்கலாம் என்று ஒரு சந்தை சொல்லும்போது, அவர்களுக்கு அது வேறு மாதிரித்தான் கேட்கும்.

இன்னொன்று. இணையத்தில் 'ஏக்கம்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் எண்பதுகளின் அமெரிக்கப் பிள்ளைகளின் ஏக்கம். எங்களுடையது நல்லூர்த் திருவிழாக் கடையில் அம்மம்மாக் குழலுக்குப் பக்கத்தில் தொங்கிய, அனுமதியில்லாமல் வார்த்த, முகம் கோணலான பென் 10. சேகரிப்பாளர் கணக்கில் அதற்கு விலை இல்லை. எங்கட தட்டில் முதல் இடம் அதற்குத்தான்.

இந்த ஆறாவது விதியில் மட்டும் எங்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. நாங்கள் பிறக்கும் முன் வந்த ஹீ-மேனை வாங்கலாமா? கூடாது, அது இரவல் ஞாபகம் என்கிறது ஒரு பக்கம். வாங்கலாம், ஒரு பழைய நாணயத்தை, பழைய பத்திரிகையை வைத்திருப்பதுபோல ஆவணமாக என்கிறது மற்றப் பக்கம். இப்போதைக்கு ஒத்துக்கொண்டது இவ்வளவுதான்: வாங்கினால் அதை 'எங்கட சின்ன வயசு' என்று சொல்லக்கூடாது, வரலாறு என்று சொல்லவேண்டும். உங்களிடமும் ஒரு தட்டு இருந்தால், அதில் எது ஞாபகம், எது விளம்பரம் என்று பிரித்துப் பாருங்கள்.