புறம்போக்குல பொறந்த ஆட்டம்

இன்னைக்கு எபிசோட் கோல்ஃப் பத்தி. "அது பணக்காரங்க ஆட்டம், நமக்கு எதுக்கு"ன்னு ஹெட்போனைக் கழட்டிடாதீங்க. அந்த "பணக்காரங்க ஆட்டம்"ங்கிற பேரு அதுக்கு எப்படி வந்துச்சுங்கிறதுதான் இன்னைக்குக் கதை. அதுல கும்மிடிப்பூண்டிக்கும் ஒரு பங்கு இருக்கு.

முதல்ல ஒரு வார்த்தை. புறம்போக்கு. நாம அதைத் திட்டுறதுக்குத்தான் பயன்படுத்துறோம். ஆனா வருவாய்த்துறை கணக்குல அது ஒரு நில வகை. யாருக்கும் பட்டா இல்லாத, பொதுத் தேவைக்கு விட்ட நிலம். ஏரி, ஓடை, சுடுகாடு, ஆடு மாடு மேயுற மேய்க்கால் எல்லாம் அதுல வரும். டி.எம். கிருஷ்ணா 2017-ல பாடின "சென்னை புறம்போக்கு பாடல்" ஞாபகம் இருக்கா? எண்ணூர் கழிமுகத்துக்காகப் பாடினது. சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினா அந்த எண்ணூரைத் தாண்டித்தான் போகணும்.

கோல்ஃப் பொறந்ததும் அப்படி ஒரு புறம்போக்குலதான்.

முயலும் ஊர்க்காரங்களும்

ஸ்காட்லாந்து கடற்கரை. கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவுல மணல்மேடு, குட்டைப் புல்லு. உழ முடியாது, பயிர் வராது. அதனால ஊர்ப் பொது நிலமா விட்டுட்டாங்க. அதுக்குப் பேரு லிங்க்ஸ். ஆடு மேஞ்சது, துணி காய்ஞ்சது, பசங்க குச்சியால பந்து அடிச்சாங்க. இது எவ்வளவு சாதாரண ஜனங்க ஆட்டம்னா, 1457-ல ஸ்காட்லாந்து பார்லிமென்ட் இதுக்குத் தடையே போட்டுச்சு. ஜனங்க வில்வித்தை பழகாம கோல்ஃபும் ஃபுட்பாலும் ஆடிட்டுத் திரியுறாங்கன்னு கவலை.

1552-ல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல பேராயர் ஜான் ஹாமில்டனுக்கு அந்த நிலத்துல முயல் வளர்க்க ஆசை. ஊர் சம்மதிச்சது, ஆனா ஒரு சாசனம் எழுதி வாங்கிக்கிட்டது. முயல் வளர்த்துக்கோங்க, ஆனா இங்க கோல்ஃப் ஆடவும் கால்நடை மேய்க்கவும் ஜனங்களுக்கு உள்ள உரிமை அப்படியே இருக்கும்.

அந்த ஒரு பேப்பர் இருநூத்தைம்பது வருஷம் கழிச்சு வேலைக்கு வந்துச்சு. 1797 வாக்குல ஊர் நிர்வாகம் கடன்ல மூழ்கி, நிலம் கைமாறி, முயல் வியாபாரிகள்கிட்ட போச்சு. முயல் குழி தோண்டுது, ஆட முடியல. ஊர்க்காரங்க முயலைக் கொன்னாங்க, கைகலப்பு ஆச்சு, கோர்ட் கேஸு வருஷக்கணக்கா நடந்துச்சு. 1821-ல ஜேம்ஸ் சீப்னு ஒரு உள்ளூர் நிலக்கிழார் நிலத்தை வாங்கி ஆட்டத்தைக் காப்பாத்தினார். 1894-ல பார்லிமென்ட் சட்டம் மூலமா ஊரே அதைத் திரும்ப வாங்கிடுச்சு.

இன்னைக்கு உலகத்துலயே பேர்பெற்ற அந்த ஓல்ட் கோர்ஸ் ஒரு பப்ளிக் கோர்ஸ். எந்த கிளப்புக்கும் சொந்தம் இல்ல. வெளியூர்க்காரங்களுக்குக் கட்டணம் எக்கச்சக்கம், குலுக்கல்ல பேரு விழணும். ஆனா உள்ளூர்க்காரங்களுக்கு மலிவா வருஷ டிக்கெட் உண்டு. வழக்கமா ஞாயித்துக்கிழமை ஆட்டமே கிடையாது. ஊர் ஜனங்க நாயைக் கூட்டிட்டு அது மேல வாக்கிங் போறாங்க.

கேட் போட்ட கதை

அப்போ நம்ம ஊருக்கு வந்தப்போ என்ன ஆச்சு? கப்பல்ல ஆட்டம் வந்துச்சு, அந்தச் சாசனம் வரல.

1829-ல கல்கத்தாவுல கோல்ஃப் கிளப் தொடங்குது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளிய இருக்கிற ரொம்பப் பழைய கோல்ஃப் கிளப் அதுதான். இங்க கோல்ஃப் முதல் நாள்லேயே கிளப்போடதான் வந்துச்சு. கிளப்னா மெம்பர். மெம்பர்னா யாரு? மெட்ராஸ் கிளப் 1832-ல தொடங்கினது. நாடு விடுதலை ஆகுற வரைக்கும் இந்தியர்களை மெம்பரா சேர்க்கல. கோல்ஃப் மைதானத்துக்குள்ள நம்ம ஆளு போகணும்னா ஒரு வழிதான், தோள்ல அடுத்தவங்க பை. அதாவது கேடி வேலை.

இந்த கேடி கதையை உச்சத்துல பார்க்கணும்னா டர்பன் போகணும். 1860-ல மெட்ராஸ்ல இருந்து 'ட்ரூரோ' கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏத்திட்டுப் போய் இறக்கின அதே தென்னாப்பிரிக்க டர்பன். அங்க வட இந்திய வம்சாவளிக் குடும்பம் ஒண்ணுல பொறந்தவர் பாப்வா செவ்கோலம். பீச்வுட் மைதானத்துல கேடி. யாரும் சொல்லிக் குடுக்காம பார்த்தே கத்துக்கிட்டவர். மட்டையில எல்லாரும் கை வைக்கிறதுக்கு நேர் தலைகீழா பிடிப்பார். ஆயில் ஆஃப் ஓலே க்ரீமை உருவாக்கின கிரஹாம் வுல்ஃப், அவரை ஐரோப்பாவுக்குக் கூட்டிட்டுப் போக உதவினார். போனவர் 1959-ல டச்சு ஓப்பன் ஜெயிச்சார். 1960-லயும் 1964-லயும் மறுபடி ஜெயிச்சார்.

1963-ல சொந்த ஊர்லயே நேட்டால் ஓப்பன் ஜெயிச்சார். இடம் டர்பன் கன்ட்ரி கிளப். நிறவெறிச் சட்டப்படி இந்தியர் கிளப் கட்டடத்துக்குள்ள போக முடியாது. வெள்ளைக்கார ஆட்டக்காரங்க உள்ள இருக்க, ஜெயிச்சவர் வெளிய மழையில நின்னு கோப்பையை வாங்கினார். அந்த போட்டோ உலகம் பூரா போச்சு. கொஞ்ச வருஷத்துல அரசாங்கம் அவரைப் போட்டிகள்ல ஆடவே விடாம செஞ்சுது. 1978-ல இறந்துபோனார். இன்னைக்கு டர்பன்ல அவர் பேருலயே ஒரு கோல்ஃப் கோர்ஸ் இருக்கு. மாநகராட்சி கோர்ஸ்.

614 ரூபாய்

இப்போ கிண்டிக்கு வருவோம். ரேஸ் கோர்ஸ். குதிரை ஓடுற பாதைக்கு நடுவுல ஜிம்கானா கிளப்போட 18 ஹோல் கோல்ஃப் கோர்ஸ். நிலம் யாருது? அரசாங்கத்தோடது. சுமார் 160 ஏக்கர், 99 வருஷக் குத்தகை. மெட்ராஸ் ரேஸ் கிளப் கட்ட வேண்டிய வாடகை வருஷத்துக்கு 614 ரூபாய் சொச்சம். கணக்குப் போட்டா ஏக்கருக்கு வருஷம் 4 ரூபாய் கூட வரல. சென்னையோட நடு மையத்துல.

கோல்ஃப் காஸ்ட்லின்னு சொல்றோம் இல்லையா, இதுல எது காஸ்ட்லி? பந்தும் மட்டையும் விலைதான், செகண்ட் ஹேண்ட்ல சமாளிக்கலாம். ஆட்டத்துலயே பெரிய செலவு நிலம். அந்த நிலம் பொது ஜனத்தோடது, வாடகை ஒரு டீக்காசு. காஸ்ட்லியா இருந்தது கேட் மட்டும்தான்.

2024 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு குத்தகையை ரத்து பண்ணி, இடத்துக்கு சீல் வெச்சது. 730 கோடி ரூபாய்க்கு மேல வாடகை பாக்கின்னு அரசு சொன்னது. கிளப் கோர்ட்டுக்குப் போச்சு. 118 ஏக்கர்ல பசுமைப் பூங்கா வரும்னு அரசு அறிவிச்சது.

நியாயமா ஒரு கேள்வி கேக்கலாம். பூங்காவுக்குப் பதிலா டிக்கெட் வாங்கி யார் வேணாலும் ஆடுற பப்ளிக் கோல்ஃப் கோர்ஸா மாத்தியிருக்கலாமே? உலகத்துல அது புதுசு இல்ல. நியூயார்க்ல வான் கோர்ட்லாண்ட் பார்க் கோர்ஸ் 1895-ல இருந்தே பொதுமக்களுக்குத் திறந்திருக்கு. சப்வே கடைசி ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே போகலாம். டெல்லியில லாடோ சராய்ல டெல்லி வளர்ச்சி ஆணையம் குதுப் கோல்ஃப் கோர்ஸ் நடத்துது. மெம்பர்ஷிப் வேண்டாம், காசு கட்டி ஆடலாம்.

ஆனா கணக்கைப் பாருங்க. 18 ஹோல் கோர்ஸுக்குச் சாதாரணமா 100-ல இருந்து 200 ஏக்கர் வரை வேணும். நாலு பேர் ஒரு குரூப், பத்து நிமிஷத்துக்கு ஒரு குரூப் கிளம்பினா மணிக்கு 24 பேர். பத்து மணி நேரம் இடைவிடாம அனுப்பினாலும் நாளைக்கு 240 பேர். பூங்காவுல அந்தக் கூட்டம் காலை ஏழு மணிக்குள்ள வந்துட்டுப் போயிடும். தண்ணிப் பஞ்சம் பார்த்த ஊர்ல புல்லுக்குத் தண்ணி வேற. அதனால கிண்டியில பூங்காதான் சரின்னு எனக்குத் தோணுது. கோல்ஃப் வேணும்னா பத்துப் பன்னிரண்டு ஏக்கர்ல பந்து அடிச்சுப் பழகுற டிரைவிங் ரேஞ்ச் போதும். அதுக்கு டிக்கெட் சினிமா விலைக்கு இருந்தா இன்னும் நல்லது.

லோக்கல் ரயில்ல கடைசி ஸ்டேஷன்

இப்போ கும்மிடிப்பூண்டி. சிப்காட், ஷிப்ட், கான்ட்ராக்ட் லேபர். இதே தாலுகாவுல தேர்வாய் கண்டிகைன்னு ஒரு ஊர். அங்க ஆயிரம் ஏக்கருக்கு மேல மேய்க்கால் நிலத்தை 2000-கள் கடைசியில சிப்காட் தொழிற்பேட்டைக்கு எடுத்தாங்க. ஊர் ஜனங்க, பெரும்பாலும் தலித் குடும்பங்கள், வருஷக்கணக்கா போராடினாங்க. எங்க ஆடு மாடு மேயுற இடம், ஏரிக்குத் தண்ணி வர்ற இடம்னு சொன்னாங்க. தொழிற்பேட்டை வந்துடுச்சு. டயர் ஃபேக்டரி வந்துச்சு.

செயின்ட் ஆண்ட்ரூஸ்காரங்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னாங்க: எங்க ஆடு மேயுற இடம், நாங்க ஆடுற இடம். அவங்க கையில 1552-ல எழுதி வாங்கின பேப்பர் இருந்துச்சு. தேர்வாய் கண்டிகை கையில இருந்தது பழக்கம் மட்டும். தலைமுறை தலைமுறையா மாடு ஓட்டிட்டுப் போன பழக்கம். கோர்ட்ல பழக்கத்துக்கு மதிப்பு கம்மி.

கிண்டிப் பூங்காவுக்கும் இதே கேள்விதான். இன்னைக்கு ஒரு அரசாணை பூங்கான்னு சொல்லுது. இன்னொரு அரசாணை வேற ஏதாவது சொல்லலாம். ஜனங்களோட உரிமைன்னு அசைக்க முடியாத மாதிரி எங்கேயாவது எழுதி வெச்சிருக்கோமா? பூங்காவுல வாக்கிங் போற நாம கேக்க வேண்டியது அதைத்தான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.