தில்லியின் இரண்டு எண்கள்: அமைதியற்ற கால்கள் நோய்க்குறி குறித்த ஒரு மறுவாசிப்பு

அமைதியற்ற கால்கள் நோய்க்குறி இந்தியரிடம் குறைவு என்ற கருத்து மருத்துவ எழுத்தில் ஊன்றியதில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் இரண்டு ஆய்வுகளுக்குப் பெரும் பங்குண்டு. தீபாங்கர் பௌமிக் முதலியோர் 2003-இல் வெளியிட்ட முதல் ஆய்வில், டயாலிசிஸ் செய்துகொண்ட 121 பேரில் 6.6 விழுக்காட்டினருக்கு, அதாவது 8 பேருக்கு, இந்நோய் இருந்தது. 2004-இல் வந்த அடுத்த ஆய்வு, முற்றிய சிறுநீரகச் செயலிழப்புள்ள 65 பேரைப் பற்றியது. நோய் கண்டவர் ஒருவர். இந்திய மக்களிடையே இது குறைவு என்ற முடிவு அக்கட்டுரையின் தலைப்பிலேயே ஏறிவிட்டது. டயாலிசிஸ் நோயாளிகளிடம் 6.6 முதல் 80 விழுக்காடு வரை எனப் பின்னாளைய தொகுப்புகள் எழுதுகையில், கீழெல்லையாக நிற்பது தில்லியின் எண்ணே.

மருத்துவர் வில்லிஸ் 1672-இல் இந்நோயைப் பற்றி எழுதியதும், எக்போம் 1945-இல் நோய்க்குப் பெயரிட்டதும் பலமுறை சொல்லப்பட்ட வரலாறு. கால்களை அசைத்தே ஆகவேண்டும் என்ற உந்துதல், ஓய்வில் அது தலைதூக்குதல், நடந்தால் தணிதல், இரவில் மிகுதல் ஆகியவை 1995-இல் பன்னாட்டு ஆய்வுக் குழு வகுத்த அளவுகோலின் சாரம்.

2004-இன் அந்த ஒற்றை நோயாளியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 65 பேரில் ஒருவர் என்றால் 1.5 விழுக்காடு. ஆனால் இவ்வளவு சிறிய கூட்டத்தில் உண்மையான விகிதம் கிட்டத்தட்ட சுழியிலிருந்து 8 விழுக்காடு வரை எங்கும் இருக்கலாம் என்கிறது புள்ளியியல் கணக்கு. 121 பேரில் 8 என்பதற்கும் அந்த இடைவெளி சுமார் 3 முதல் 13 வரை விரிகிறது. பெங்களூரு நகர மக்களிடையே எடுத்து 2007-இல் வெளியான கணக்கெடுப்பு 2.1 விழுக்காடு என்றது. அந்த விகிதப்படி 65 பேரை எடுத்தால் சராசரியாக ஒருவரோ இருவரோ அகப்படுவர். ஆகவே 2004-இன் ஆய்வு காட்டுவது, சிறுநீரகக் கோளாறு அந்த நிலையில் நோயைக் கூட்டியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்பதை மட்டுமே. அதிலிருந்து ஒரு நாட்டு மக்களின் உடல்வாகுக்குத் தாவ இடமில்லை.

பெங்களூரு எண்ணும் சிறிதுதானே என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வி. ஆசிய நாடுகள் பலவற்றிலும் மேலைநாடுகளைவிடக் குறைந்த எண்களே கிடைத்துள்ளன. ஆனால் இமயமலைப் பகுதியில் நடந்த ஆய்வு, உயரமான ஊர்களில் இந்நோய் கூடுதல் என்று கண்டது. மலையூரும் சமவெளியும் வேறுபடும்போது, 'இந்திய மக்கள்' என ஒரே விகிதம் சொல்வது கடினம். வயதும் கணக்கில் வரவேண்டும். இந்நோய் வயதோடு பெருகுவது. இந்தியாவில் டயாலிசிஸுக்கு வருவோரோ மேலைநாட்டினரைவிட இளையவர்கள். எண்களுக்கிடையிலான தூரத்தில் ஒரு பகுதியையேனும் இது விளக்கக்கூடும்.

குறைவு என்ற வாசிப்பை மிகவும் உறுத்துவது, இந்நோயோடு தொடர்புடைய இரும்புச்சத்துக் குறைபாடு. நார்ட்லாண்டர் 1950-களிலேயே இரும்பைச் சிரைவழி செலுத்திப் பலன் கண்டார். மூளையில் டோபமைன் உருவாக உதவும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதிக்கு இரும்பு தேவை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இத்தகைய நாட்டில் இந்நோய் அரிது என்றால், அதற்கு இப்போதுள்ளதைவிட வலுவான சான்று வேண்டும்.

பழைய இந்தியப் பதிவுகளை இங்கே துணைக்கழைப்பதிலும் கவனம் தேவை. கிரியர்சன் 1826-இல் எழுதியதும், சி. கோபாலன் 1946-இல் ஆராய்ந்து பான்டோதெனிக் அமிலக் குறைவோடு இணைத்ததும் பாத எரிச்சல் நோய். பாத எரிச்சல்காரர் குளிர்ந்த நீரைத் தேடுவார். அமைதியற்ற கால்கள் உள்ளவர் எழுந்து நடப்பார். இரண்டும் ஒரே ஆளிடம் கலந்திருந்திருக்கலாம். எனினும் 1826 என்ற ஆண்டை அமைதியற்ற கால்கள் நோயின் இந்தியத் தொடக்கமாகக் கொள்வதற்கு அந்த ஒப்புமை போதாது; தொடக்க ஆண்டு தீராத கேள்வியாகவே நிற்கிறது.

சிகிச்சையின் போக்கு இதைவிடத் தெளிவு. 1982-இல் அக்பினார் லெவோடோபாவின் பலனைக் காட்டியபின், டோபமைன் போலச் செயல்படும் ரோபினிரோலும் பிராமிபெக்சோலும் முதல்நிலை மருந்துகளாயின. அவை நாள்பட நோயை மாலைக்கும் பகலுக்கும் முன்னிழுத்து, கைகளுக்கும் பரப்பி, முன்னிலும் கடுமையாக்குவது பின்னர் புலப்பட்டது. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் அண்மைய வழிகாட்டுதல் கபாபென்டின், பிரிகாபலின் வகையையும் சிரைவழி இரும்பையும் முன்னிறுத்துகிறது. சிறுநீரக நோயாளிக்கு கபாபென்டின் அளவைக் குறைத்தே தரவேண்டும். அது சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. குமட்டலுக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு கால் உளைச்சலைக் கூட்டும். அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் அளவு பொய்யாக உயரும் என்பதால், டயாலிசிஸ் செய்வோரிடம் டிரான்ஸ்ஃபெரின் செறிவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியபின் பலருக்கு உளைச்சல் விலகுவதும் பதிவாகியுள்ளது.