ஸ்கேன் நார்மல், ஆனாலும் தலைசுற்றல் நிற்கவில்லையா? அதை அளக்க வழி இருக்கிறது

ஸ்கேன் எடுத்தாச்சு, ரத்தப் பரிசோதனையும் பார்த்தாச்சு, எல்லாம் நார்மல். "டென்ஷனா இருக்கும், நல்லா தூங்குங்க" என்கிறார்கள். ஆனால் பைக் ஓட்டப் பயமாக இருக்கிறது. லேப்டாப்பில் ஸ்க்ரோல் செய்தாலே தள்ளாடுகிறது. அடுத்து யாரிடம் போவது?

காது மூக்கு தொண்டை மருத்துவர், நரம்பியல் மருத்துவர், கூடவே ஆடியாலஜிஸ்ட். மைசூரு மானசகங்கோத்ரியில் உள்ள அகில இந்திய பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம், 1965 முதல் இத்தகைய ஆடியாலஜிஸ்ட்களை உருவாக்கி வருகிறது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்த நிறுவனம் காது கேட்கும் சோதனைக்குப் பெயர்போனது. ஆனால் உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பும் உள்காதில்தான் இருக்கிறது. அதைச் சோதிப்பதும் ஆடியாலஜியின் ஒரு பகுதிதான்.

ஸ்கேனில் ஏன் தெரிவதில்லை?

படுக்கையில் புரளும்போது சில நொடிகள் மட்டும் அறையே சுற்றுகிறதா? உள்காதில் உள்ள நுண்ணிய கால்சியம் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். தலையைத் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்து, கண் அசைவைக் கவனித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். தலையை வரிசையாகச் சில கோணங்களில் திருப்பும் 'எப்லி' முறையில் பலருக்குச் சரியாகிவிடுகிறது.

மூன்று மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில் மிதப்பது போன்ற உணர்வு, நிற்கும்போதும் கூட்டமான கடைகளிலும் அதிகமாகிறது என்றால், அது வேறு. 2017-இல் பாரனி சொசைட்டி இதற்கான வரையறையை வெளியிட்டது. சுருக்கமாக பிபிபிடி என்பார்கள். இது கற்பனையல்ல. உறுப்பு சேதமடையாமலேயே, மூளை சமநிலைத் தகவலைக் கையாளும் விதம் மாறிவிடுகிறது. சமநிலைப் பயிற்சி, சில மருந்துகள், மனநல ஆலோசனை ஆகியவை உதவும்.

25 கேள்விகள், 100 மதிப்பெண்

1990-இல் அமெரிக்காவில் உருவான 'டிஸ்ஸினெஸ் ஹேண்டிகேப் இன்வென்டரி', தலைசுற்றல் வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது என்று கேட்கிறது. 'ஆம்' என்றால் 4, 'சில நேரம்' 2, 'இல்லை' 0. மொத்தம் 54-ஐத் தாண்டினால் பாதிப்பு கடுமையானது என்பது பொதுவான கணக்கு. சிகிச்சைக்குப் பின் குறைந்தது 18 புள்ளிகள் இறங்கினால், அதை உண்மையான முன்னேற்றமாக எடுத்துக்கொள்ளலாம். நோயின் பெயரை இது சொல்லாது. ஆனால் "எவ்வளவு கஷ்டம்?" என்ற கேள்விக்கு உங்கள் கையில் ஓர் எண் இருக்கும்.

போகும் முன் எழுதிவையுங்கள்

எத்தனை நேரம் நீடிக்கிறது, எந்த அசைவில் தொடங்குகிறது, காது இரைச்சலோ ஒற்றைத் தலைவலியோ உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? தலைசுற்றல் மாத்திரையைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் போடாதீங்க. மூளை பழகிக்கொள்வதை அது தாமதப்படுத்தலாம்.

திடீர் தலைசுற்றலுடன் பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம், நடக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்க வேண்டாம். அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.