போட்டோவில் இருப்பது நீங்கள்தானா?

நம் குடியிருப்பில் வெளிநாட்டில் பிள்ளைகள் இல்லாத வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் அவர்கள் இங்கே வருவார்கள். பேறுகாலம், பேரப்பிள்ளை பிறந்தநாள் என்றால் நாம் அங்கே போவோம். ஆகவே உங்கள் பாஸ்போர்ட் பீரோவில் எங்காவது பத்திரமாக இருக்கும். தயவுசெய்து அதை எடுத்து, போட்டோ உள்ள பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு முறை கண்ணாடியைப் பாருங்கள். இரண்டும் ஒரே முகம்தானா?

என் பாஸ்போர்ட்டில் கறுத்த முடியும் தடித்த மீசையும் உப்பிய கன்னமுமாக ஒருவர் இருந்தார். அதை எடுத்த பிறகு எனக்குப் பெரிய ஆபரேஷன் ஒன்று நடந்தது. பதினெட்டு கிலோ இறங்கியது. முடியும் மீசையும் போயிற்று. சென்ற ஆண்டு மகள் வீட்டுக்குப் போகும்போது, இமிக்ரேஷன் கவுண்டரில் இருந்த இளைஞர் போட்டோவையும் என்னையும் நான்கு முறை மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். இன்னொருவரை அழைத்துக் காட்டினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. கடைசியில் விட்டுவிட்டார்கள். ஆனால், 'பாஸ்போர்ட்டில் போட்டோ ஒட்டும் வழக்கத்தை யார் கொண்டுவந்தார்கள்?' என்ற கேள்வி விமானம் ஏறிய பிறகும் என்னை விடவில்லை. ஊர் திரும்பியதும் தேடிப் படித்தேன்.

முதல் உலகப்போருக்கு முன்பு ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குள் பாஸ்போர்ட் இல்லாமலே போய்வரலாம். வைத்திருந்தவர்களின் தாளிலும் போட்டோ கிடையாது. அந்தக் காலத்தில் முகத்தை மாற்றிக்கொண்டு தப்பிய ஒருவர் நம் பக்கத்து மலைக்கு வந்து சேர்ந்தார். அவர் வ.வே.சு. ஐயர்.

திருச்சி வரகனேரியில் 1881-இல் பிறந்த ஐயர், 1907-இல் பாரிஸ்டர் படிக்க லண்டன் சென்றார். அங்கே சாவர்க்கரின் நண்பரானார். 1910 மார்ச்சில் சாவர்க்கர் கைதானதும் ஐயருக்கும் ஆபத்து வந்தது. தாடி வளர்த்து, மாறுவேடத்தில் பாரிஸ் போய், அந்த ஆண்டு டிசம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். வழியில் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். சீக்கியர் வேடத்தில் இருந்தவரின் பெட்டியில் 'வி.வி.எஸ்.' என்ற எழுத்துகள் இருப்பதைப் பார்த்துத் துப்பறிபவர் சந்தேகப்பட்டாராம். 'வீர விக்ரம் சிங் என்பது என் பெயர்' என்று ஐயர் கொஞ்சமும் தயங்காமல் சொன்னாராம். அவர் தாளில் ஒரு போட்டோ இருந்திருந்தால் அந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

புதுச்சேரியில் அவர் பாரதியாரோடு இருந்தார். செங்கோட்டை வாஞ்சிநாதன் அவரைத் தேடிப் போனதும் அங்கேதான். 1922-இல் சேரன்மகாதேவியில் குருகுலம் தொடங்கினார். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். அடுத்த முறை கடையம் வழியாக அந்த அருவிக்குப் போகும்போது அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோ வந்ததற்குக் காரணம் இன்னொரு மாறுவேடம். 1914 ஆகஸ்டில் கார்ல் லோடி என்ற ஜெர்மன் கடற்படைக்காரர், உண்மையான ஒரு அமெரிக்கரின் பாஸ்போர்ட்டோடு பிரிட்டனுக்குள் நுழைந்து உளவு பார்த்தார். அதில் போட்டோ இல்லாததால் அந்தத் தாளை யாரும் சந்தேகிக்கவில்லை. பிறகு பிடிபட்டு, நவம்பர் 6-ஆம் தேதி லண்டன் கோட்டையில் சுட்டுக் கொல்லப்பட்டார். போர்க்காலப் பயம் வேகமாக வேலை செய்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்கா போட்டோவைக் கட்டாயமாக்கியது. 1915-இல் பிரிட்டன் புதிய பாஸ்போர்ட் கொண்டுவந்தது. எட்டாக மடித்த ஒரே தாள். அதில் போட்டோ, கையெழுத்து, கூடவே முகத்தின் வடிவம், நிறம் பற்றிய வர்ணனை. இந்தியாவுக்குள் நுழைய பாஸ்போர்ட் கேட்க வழி செய்யும் சட்டம் 1920-இல் வந்தது. போர் முடிந்தும் போட்டோ போகவில்லை.

அந்த வர்ணனை நமக்குப் புதிதல்ல. பள்ளி டி.சி.யில் 'வலது கன்னத்தில் ஒரு மச்சம்' என்று தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்தது நினைவிருக்கிறதா? பழைய இந்திய பாஸ்போர்ட்டிலும் அங்க அடையாளத்துக்கு ஓர் இடம் இருந்தது. முடி போனாலும் மச்சம் போகாது.

இதைப் படித்தபோது எனக்கு வங்கிக் கவுண்டர் நினைவு வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் நானும் அந்த இளைஞர் பார்த்த வேலையைத்தான் பார்த்தேன். அவருக்கு முகம், எனக்குக் கையெழுத்து. ஒருநாள் பென்ஷன் வாங்க வந்த பெரியவரின் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒத்துப்போகவில்லை. 'கையெழுத்து மாறுபடுகிறது' என்று எழுதி, தலை நிமிராமல் திருப்பிக் கொடுத்தேன். "பக்கவாதம் வந்து கைதான் மாறிப்போச்சு தம்பி, ஆள் நான்தானே" என்றார். அவரைச் சற்று உட்காரவைத்து, அன்றே புது மாதிரிக் கையெழுத்து வாங்கியிருக்கலாம். அதற்கு விதியில் இடம் இருந்தது. நான் அடுத்த வாரம் வரச் சொன்னேன். மகன் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி பஸ் ஏறி வந்தார். அந்த இமிக்ரேஷன் இளைஞர் நான்கு முறையாவது என் முகத்தைப் பார்த்தார். நான் அந்தப் பெரியவரை ஒரு முறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

கவுண்டரில் இருப்பவர் சந்தேகப்படுவது நம்மை அவமதிக்க அல்ல. லோடி மாதிரி ஆட்களுக்காகப் போட்ட பூட்டு அது. ஐயர் தன் முகத்தைத் தானே மாற்றினார். நம் முகத்தை வயதும் நோயும் மாற்றுகின்றன. தாளில் இருப்பதை மட்டும் நாம்தான் மாற்ற வேண்டும்.

நரை, வழுக்கை, கொஞ்சம் சதை போடுவது இதெல்லாம் பொதுவாகப் பெரிய சிக்கல் ஆகாது. கண், மூக்கு, தாடை அமைப்பைத்தான் பார்ப்பார்கள். ஆனால் நோயாலோ ஆபரேஷனாலோ முகமே மாறியிருந்தால், பத்து ஆண்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் மறுவழங்கலுக்கு விண்ணப்பிக்கும்போது, தோற்ற மாற்றத்தையே காரணமாகக் குறிப்பிடலாம். திருநெல்வேலி சேவா கேந்திரத்தில் போட்டோவை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். பழைய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் விசா இருந்தால், அந்த நாட்டு விதியைக் கேட்டுக்கொண்டு, பழையதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முகவரியில் மாவட்டம் இன்னும் 'திருநெல்வேலி' என்று இருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடலாம். நாம் தென்காசி மாவட்டமாகி 2019 நவம்பரிலிருந்து எத்தனையோ நாள் ஆயிற்று.

எனக்குப் புது பாஸ்போர்ட் வந்துவிட்டது. இளைத்த முகம்தான், ஆனால் என் முகம். விண்ணப்பம் நிரப்பத் துணை வேண்டுமென்றால் மாலை ஐந்து மணிக்கு மேல் கீழே வேப்பமரத்தடி பெஞ்சுக்கு வாருங்கள். பழைய பாஸ்போர்ட்டையும் கொண்டுவாருங்கள்.